பெட்டி ஓடுகிற வரை

"சீனி, கரி கிடக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பித் தம்ளரைக்கூடத் தொடாமல் காசிலிங்கம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சீனித்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கிடக்கு. சிரட்டைக் கரியா, அடுப்புக் கரியா?"

"சிரட்டைக் கரிதான். அடுப்புக் கரி பொறி பறக்கும்லா."

அதோடு பேச்சு முடிந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவள் சொன்ன சேதிக்கு, ராத்திரி முழுக்க மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மனுஷன் சொன்ன பதில் இவ்வளவுதான்.

சேதியைக் கொண்டுவந்தவள் பின்வீட்டு பிளாரன்ஸ். "அக்கா, ஒங்க பகவதிய மார்க்கெட்டுல பாத்தேன். அவளும் அந்தப் பையனும் நாளைக்கு இங்க வாராவளாம். அவனுக்கு மெட்ராஸ் ஹார்பருக்கு மாத்தலாம். சாயங்கால வண்டிக்குப் போறாவ. போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ அப்பா மொகத்தப் பாக்கணுமாம். வாசல்ல ஏத்தலன்னா இனிமே இந்த ஊர்ப் பக்கமே திரும்பமாட்டேன்னு சொல்லச் சொன்னா" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுப் போனாள்.

பகவதி சொன்னால் சொன்னதுதான். அப்பன் பிடிவாதத்தில் அப்படியே பாதியைக் கொண்டு பிறந்தவள். தட்டச்சு வகுப்புக்கு என்று போய்வந்துகொண்டிருந்தவள், நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் போனது போனதுதான். பையன் பேர் பேச்சிமுத்து. புதுத் துறைமுகத்தில் கிளார்க். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் வயல்காட்டு ஊர். ஆற்றுத் தண்ணீரும் நெல்லுமாக வளர்ந்த குடும்பம். இவர்களோ உடன்குடித் தேரிச் செம்மணலில் பனையை நம்பி இருந்துவிட்டு, தூத்துக்குடிக்கு வந்து கருப்பட்டி மொத்தக் கடை போட்டவர்கள். அவர்கள் வேறு ஆட்கள், இவர்கள் வேறு ஆட்கள். சந்தையில் நெல்லும் கருப்பட்டியும் கைமாறும். பெண் மாறியதில்லை.

சீனித்தாய் அடுப்படியில் கரியை மூட்டி, கனிந்ததும் இடுக்கியால் எடுத்துத் தேய்ப்புப்பெட்டியின் வயிற்றில் போட்டாள். அவர் முன்னறையில் பெஞ்சை இழுத்துப்போட்டு, சமுக்காளத்தை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஓரங்களைச் செருகினார். இந்தத் தயாரிப்பைச் செய்யும்போது அவர் கை எப்போதும் நிதானமாக இருக்கும். இன்றைக்குச் செருகின ஓரத்தை உருவி மறுபடியும் செருகினார்.

காசிலிங்கம் தேய்ப்புப்பெட்டி வாங்கிய கதை தெருவுக்கே தெரியும். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் சலவைக்கடைக்காரன் காலரில் கரிப்புள்ளி வைத்துவிட்டான் என்று கடைவீதியே நின்று வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டார். "இனிமே என் சட்டைய நானே தேய்ச்சுக்கிடுதேன் வே! ஒன் தயவு வேண்டாம்!" என்று கத்திவிட்டு, அதே கோபத்தோடு பாத்திரக் கடைக்குப் போய் இந்தப் பித்தளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் கரியைப் போட்டு ஒரு சட்டையை விரித்தார். முதல் கையைத் தேய்க்கும்போது சலவைக்கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது கைக்கு வரும்போது பேச்சு குறைந்தது. முதுகுப் பக்கத்தை விரித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. சீனித்தாய் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். மனுஷன் வாயைச் சற்றுத் திறந்துகொண்டு, குழந்தையைத் தடவுகிற மாதிரி அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முடித்து மடித்து வைத்துவிட்டு, "ஏளா, வேற துணி இருக்கா?" என்று கேட்டார்.

அன்று முதல் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. கடையிலிருந்து வருகிற செருப்புச் சத்தத்திலேயே கோபம் தெரிந்துவிடும். தெரிந்ததும், "கரி போடட்டுமா?" என்பாள். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பெஞ்சை இழுப்பார். தண்ணீரைத் தெளித்து, சுருட்டி வைத்து, ஈரம் பரவின பிறகு காலரில் தொடங்குவார். காலர், தோள்பட்டை, கை, முதுகு, கடைசியில் பொத்தான் பட்டை. சுருக்கம் ஒவ்வொன்றாகப் படுத்து மறையும். கசங்கிக் கிடந்தது தகடு மாதிரி ஆகும். அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படி நிலையில் நிற்கும்போது அவளுக்கே நெஞ்சுக்குள் எதையோ தடவிவிட்ட மாதிரி இருக்கும்.

ஆனால் அவருடைய இன்னொரு கையையும் அவள் அறிவாள். கோபத்தில் கையில் எது இருக்கிறதோ அதுதான் பறக்கும். ஒரு தடவை கடையில் எடைக்கல் பறந்து வண்டிக்காரன் காதோரம் போய்ச் சுவரைப் பெயர்த்தது. மகள் போன அன்று ரேடியோ முற்றத்தில் போய் விழுந்தது. இன்றைக்குக் கையில் இருக்கப்போவது கனல் நிறைந்த பெட்டி. வாசலில் வந்து நிற்கப்போவது அந்தப் பையன்.

பெட்டி ஓடுகிற வரை பயமில்லை. நின்றால்தான்.

அவள் துணிக் குவியலைப் பார்த்தாள். வாரத்துச் சட்டைகள், இரண்டு வேட்டி. அவ்வளவுதான்.

முதல் சட்டை முடிவதற்குள் வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. காசிலிங்கத்தின் அண்ணன் பிச்சையா. செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியை வாசலுக்கு நேரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன காசி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?"

"வாங்க அண்ணாச்சி."

"வாங்க அத்தான். காப்பி போடட்டுமா?" என்றாள் சீனித்தாய்.

"காப்பி இருக்கட்டும். சேதி எங்காதுக்கும் வந்துட்டு. நீங்க சொல்லாட்டா தெரியாமப் போயிருமா? அந்தப் பின்வீட்டுக் கடக்கரைக்காரி வாய் என்ன பூட்டு போட்ட வாயா?"

காசிலிங்கம் அடுத்த சட்டையை உதறி விரித்தார். தண்ணீர் தெளித்ததும் பெட்டியின் அடியில் 'சுர்ர்' என்றது.

"நான் சுத்தி வளைக்கல" என்றார் பிச்சையா. "எம் மவனுக்கு உடன்குடியில பொண்ணு பேசி முடிக்கப்போற நேரம். அந்த வீட்டுப் பெரியவரு கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? 'ஒங்க தம்பி மவ வீட்டுக்கு வரப்போக இருக்காளா?' நான் இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு அவ இந்தப் படியில கால வச்சான்னா அந்தச் சம்பந்தம் அப்பவே முடிஞ்சுது. கேக்கியா?"

"ம்."

"நீ அடிக்கவும் வேண்டாம், புடிக்கவும் வேண்டாம். வந்து நிப்பாவ. 'எனக்கு மவ இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

பெட்டி கைப்பட்டையில் ஊர்ந்து போய்த் திரும்பியது. காசிலிங்கம் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். சீனித்தாய் கண்ணாலேயே எண்ணினாள். பாதிக்கு வந்துவிட்டது.

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்தாள். தலையணை உறைகளை உருவினாள். ஜன்னல் திரையைக் கம்பியோடு இறக்கினாள். அள்ளிக்கொண்டு வந்து ஒன்றும் அறியாதவள் மாதிரிக் குவியலின் அடியில் செருகினாள்.

பிச்சையா விட்டாரா? "ஆத்தங்கரைப் பய ஒங் குடும்பத்துல கைய நனைச்சுட்டான்னு ஊரு சிரிக்கி. நீ என்னடான்னா தலவாணி உறையத் தேய்ச்சுக்கிட்டு நிக்க!"

"தலவாணி உறையிலதான் அண்ணாச்சி ஓரம் சுருண்டுக்கிடும்" என்றார் காசிலிங்கம், கண்ணை எடுக்காமல்.

சீனித்தாய்க்குச் சிரிப்பு வந்து தொண்டையில் நின்றது. பிச்சையாவுக்கு முகம் கறுத்தது.

இது போதாது. இந்த அத்தான் ஓதுகிற வேகத்துக்கு இந்தக் குவியல் எந்த மூலைக்கு? அவள் கொல்லைப்புறமாகப் போய்ச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பிளாரன்ஸ்! ஏ பிளாரன்ஸ்!"

பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்த பிளாரன்ஸ், முக்காடுகூட எடுக்காமல் ஓடி வந்தாள். "வந்துட்டாவளா?"

"இன்னும் இல்ல. ஒன் வீட்டுல தேய்க்கதுக்குத் துணி இருந்தா குடு."

"என்னக்கா, சலவைக்கட தொறந்துட்டியளா?"

"சிரிக்காதளா. அவிய தேய்ச்சுக்கிட்டு நிக்காவ. அத்தான் வேற வந்து உக்காந்து ஏத்திவிட்டுக்கிட்டு இருக்காரு. துணி தீந்து, கையில கொதிக்கக் கொதிக்கப் பெட்டியோட சும்மா நின்னாவன்னா, அந்த நேரம் பாத்து புள்ளைய வந்துட்டாவன்னா…"

பிளாரன்ஸ் முகத்தில் சிரிப்பு அடங்கியது. "சேசுவே! இருங்க, வாரேன்."

போன வேகத்தில் இரண்டு கையும் நிறைய வந்தாள். "இந்தாங்க, எங்க வீட்டு மனுசனோட கமிசுச் சட்ட இருக்கு. புள்ளைய பள்ளிக்கூடத்து உடுப்பு. படுக்க விரிப்பு." பிறகு ஒரு நொடி யோசித்து, தலையில் இருந்த முக்காட்டையும் உருவி அதன்மேல் போட்டாள். "இதையும் தேய்க்கச் சொல்லுங்க. மாதா கோவிச்சுக்கிட மாட்டா."

"ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"புண்ணியம் இருக்கட்டும். தோணியில இருந்து எறங்குனா எங்க ஆளு ஒரு கைலிய மடிச்சு வச்சிருப்பாரா? ஒங்க ஆளு கோவத்துல பாதிய எங்க வீட்டுக்குத் தள்ளிவிடுங்க, துணியாவது மடிப்பா இருக்கும். ஆமா, எந்த பஸ்ஸுல வாராவ?"

"ஆழ்வார்திருநகரிப் பஸ்ஸு. அவன் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு வாராவன்னு நீதான சொன்ன?"

"அப்பம் இன்னேரம் வந்திருக்கணுமே. நான் தெருமுனையில போய் நிக்கேன். வந்தா முன்னால ஓடியாறேன்."

சீனித்தாய் துணியோடு திரும்பியபோது முன்னறையில் பிச்சையாவின் குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் ஆபத்தான குரல். பழைய குவியல் தீர்ந்திருந்தது; காசிலிங்கம் அவள் கொண்டுவந்த சட்டையை வாங்கி விரித்தார்.

"என்னது, அது யார் சட்ட? பின்வீட்டுக்காரன் சட்டையா? நல்ல பொழப்பு! காசி, நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். ஒங் கட ஆளுவளுக்கு எல்லாம் மொதல்லயே தெரியுமாம்."

பெட்டி பிளாரன்ஸ் வீட்டுக்காரனின் சட்டை முதுகில் போய்க்கொண்டிருந்தது.

"ஹார்பர் பஸ்ஸுல ரெண்டும் ஒண்ணாப் போறத அம்புட்டு பேரும் பாத்திருக்கானுவ. ஒனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது. ஒம் மொகத்துக்கு நேர அண்ணாச்சி அண்ணாச்சின்னுட்டு, நீ கல்லாவுக்குத் திரும்புனதும் வாயப் பொத்திச் சிரிச்சிருக்கானுவ. அப்படிச் சிரிக்க வச்சவ வாரா இன்னைக்கு. அவளுக்கு எல வெட்டிப் போடு."

பெட்டி நின்றது.

முதலில் ஓசை அடங்கியது. அப்புறம்தான் வாடை வந்தது. பருத்தி கருகுகிற வாடை. காசிலிங்கத்தின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பியிருந்தது.  பிச்சையா நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து, தன் வேலை பலித்ததா என்று தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க…" என்றாள்.  "ஏங்க, கருகுது."

அவர் பெட்டியைத் தூக்கினார். தூக்கின கை இறங்கவில்லை. பெட்டியின் பக்கத்து ஓட்டைகளில் கனல் சிவந்து தெரிந்தது. அந்த உயரத்திலிருந்து எந்தப் பக்கமும் போகலாம். வாசல் பக்கம் போகலாம். அண்ணன் பக்கமும் போகலாம். சீனித்தாய் உடன்குடிப் பக்கத்துச் சாமிகள் அத்தனையையும் கூப்பிட்டாள்.

அவர் கீழே பார்த்தார். வெள்ளைச் சட்டையின் நடு முதுகில் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு துணியைக்கூட அவர் கருக்கியதில்லை. அந்தக் கறையை ஏதோ தன் உடம்பில் பட்ட சூடு மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரி மாத்தணும்" என்று சொல்லிப் பெட்டியைப் பெஞ்சு ஓரத்து ஓட்டுத்துண்டின்மேல் வைத்தார்.

அவள் ஓடிப்போய் இடுக்கியில் கனல் கொண்டுவந்தாள். கொண்டுவரும்போதே பார்த்தாள்: பள்ளிக்கூடத்து உடுப்பு இரண்டும், விரிப்பும், முக்காடும்தான் பாக்கி. லேசான வேலைதான். நாலு இழுப்பில் முடிந்துவிடும். பிளாரன்ஸ் தெருமுனையில் நிற்கிறாள். இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் தேய்த்து மடித்த அடுக்கு இருந்தது. காலையிலிருந்து அவர் செய்த வேலை. ஓரம் ஓரமாகச் சேர்ந்து, ஒரே சுவர் மாதிரி. சீனித்தாய் அதை எடுத்துவைப்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அடியில் இருந்த சட்டையைக் கையில் எடுத்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாளித் தண்ணீரில் அமுக்கினாள். பிழிந்தபோது, ஒரு உயிரின் கழுத்தைத் திருகுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. உதறிச் சுருட்டிக் கொண்டுவந்து குவியலில் வைத்தாள்.

முக்காடு முடிந்தது. அவர் கை அடுத்ததை எடுத்தது. உதறியவர் நின்றார்.

அது அவர் சட்டை. இரண்டாவது பொத்தானுக்கு மட்டும் நீல நூல். காலையில் முதன்முதலில் தேய்த்து வைத்த சட்டை.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இது…"

"காலரு சரியா விழல" என்றாள் சீனித்தாய்.  "அதான் நனைச்சேன்."

அவர் தேய்த்த காலர் சரியில்லை என்று இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கவும் முடியாது. அவர் அவள் கையைப் பார்த்தார். முழங்கை வரை ஈரம். கொல்லைப் பக்கம் பார்த்தார். வாளி தெரிந்தது. திரும்பவும் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முறை கொஞ்சம் கூடுதல் நேரம்.

"என்ன காசி?" என்றார் பிச்சையா.

"காலரு சரியா விழல அண்ணாச்சி" என்றார் காசிலிங்கம். சட்டையை விரித்துக் காலரில் பெட்டியை வைத்தார்.

சீனித்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் ஒளிக்கவில்லை. அடுக்கிலிருந்து எடுப்பாள், நனைப்பாள், பிழிவாள், கொண்டுவந்து கொடுப்பாள். அவர் வாங்குவார், விரிப்பார், தேய்ப்பார். ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவையோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவர் கழுத்து நரம்பு மெல்ல அமுங்கியது. வாய் சற்றுத் திறந்துகொண்டது. பெட்டி போய்த் திரும்புகிற ஓசையில் ஒரு சீர் வந்திருந்தது.

"கிறுக்குப் புடிச்சுட்டா ரெண்டு பேருக்கும்?" பிச்சையா எழுந்து நின்றார். "நனைச்சு நனைச்சுத் தேய்க்கியளே!"

அப்போது கொல்லை வழியாக பிளாரன்ஸ் தலைதெறிக்க ஓடி வந்தாள். "அக்கா! வந்துட்டாவ! தெருவுல திரும்பிட்டாவ!" என்றவள், பிச்சையாவைக் கண்டதும் அடுப்படி நிலையோடு ஒட்டிக்கொண்டாள்.

பிச்சையா இரண்டே எட்டில் வாசல் நிலையை மறித்து நின்றார். "நில்லுல அங்கன!"

அவர் தோளுக்கு அந்தப் பக்கம் சீனித்தாய் மகளைப் பார்த்தாள். நாலு மாதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. கையில் ஒரு பை. பக்கத்தில் அந்தப் பையன். ஒல்லி. பஸ் கூட்டத்தில் நசுங்கி வந்திருக்கிறான். சட்டை ஒரு பக்கம் இழுத்து, முதுகிலும் கையிலும் வரிவரியாகக் கசங்கிக் கிடந்தது.

"நாங்க இருக்க வரல, பெரியப்பா" என்றாள் பகவதி. "அப்பாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்."

"ஒனக்கு இங்க அப்பன் கிடையாது. காசி, சொல்லு!"

காசிலிங்கம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார். தெருவில் நாலைந்து ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் மகளைப் பார்க்கவில்லை. பையனைத்தான் பார்த்தார். முகத்தைக்கூட இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"சட்டையக் கழத்து" என்றார்.

 பிளாரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பிச்சையாவின் முகம் மலர்ந்தது. "காதுல விழலியாலே? கழத்துல!"

பகவதி முன்னால் வந்து நின்றாள். "அப்பா, அடிக்கதுன்னா என்ன அடிங்க. அவங்க மேல கை வைக்காதிய."

"நீ தள்ளு பகவதி" என்றான் பேச்சிமுத்து. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பொத்தான்களைக் கழற்றினான். ஒன்று சிக்கிக்கொண்டது. அதையும் கழற்றிச் சட்டையை நீட்டினான். பட்டப்பகலில், நடுத்தெருவில், பனியனோடு நின்றான்.

பிச்சையா கையை நீட்டவில்லை. அவர் அக்குளுக்குக் கீழே கையை விட்டு சீனித்தாய்தான் அதை வாங்கினாள். புருஷனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். 

காசிலிங்கம் சட்டையைப் பெஞ்சில் விரித்தார். உள்ளங்கையால் நீவினார். பெட்டியைத் தூக்கினார்.

"அப்பா!" பகவதி அலறினாள். "அது டெரிலின்! சூடு ஆவாது, உருகிரும்!"

பெட்டி சட்டைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"தெரியும்" என்றார் காசிலிங்கம்.

நாலு மாதத்துக்கு அப்புறம் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை. பெட்டியை ஓட்டின்மேல் வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கடைக்குப் போகும்போதும், சங்கத்துக் கூட்டத்துக்குப் போகும்போதும் தோளைவிட்டு இறங்காத துண்டு. அதைச் செம்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அந்தச் சட்டையின்மேல் பரப்பினார். அதன்மேல் பெட்டியை வைத்தார். குப்பென்று ஆவி எழும்பியது.

"அண்ணாச்சி, கொஞ்சம் விலகுங்க" என்றார். "வெளிச்சம் மறைக்கி."

பிச்சையாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "என்னது?"

"வாசல மறைச்சுக்கிட்டு நிக்கிய. துணி தெரியல."

"நான் விலகுனா அவன் உள்ள வருவான்ல!"

"வரட்டும். அவன் சட்ட இங்கனல்லா கிடக்கு."

"காசி! எம் மவன் சம்பந்தம்…"

"உடன்குடிக்கு நானே வந்து பேசுதேன் அண்ணாச்சி. எம் மவ வரப்போக இருப்பான்னு நானே சொல்லுதேன். அதுக்குப் பொறவும் பொண்ணு குடுத்தாவன்னா, நல்ல எடம். குடுக்கலன்னா…" துண்டைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, மறுபடி போட்டார். "கொஞ்சம் விலகுங்க."

குரல் உயரவே இல்லை. அதுதான் பிச்சையாவைத் தடுமாற வைத்தது. தம்பி கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். எறிந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.  "நாளைக்கு நல்லது கெட்டதுன்னு எம் படி ஏறிராத. சொல்லிட்டேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பகவதி ஒதுங்கி வழிவிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் நேராக வந்து பெஞ்சில் விழுந்தது.

"உள்ள வாங்க" என்றாள் சீனித்தாய்.  மகள் கையைப் பிடித்து இழுத்தாள். பிளாரன்ஸ் முக்காடு இல்லாமலே சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேச்சிமுத்து உள்ளே வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான். காசிலிங்கம் வேலையில் இருந்தார்.

"மெட்ராஸ்ல எங்கன வீடு?"

"ராயபுரத்துல பாத்திருக்கு, மா…" மாமா என்பதை முழுங்கிக்கொண்டான்.

"கடக்கரதான?"

"ஆமா."

"அங்கயும் உப்புக்காத்துதான். துணி நமுத்துப்போவும். யாரு தேய்ப்பா?"

"தேய்க்கதில்ல. அப்படியே போட்டுக்கிடுவேன்."

காசிலிங்கம் முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். கிளார்க் வேலையிலிருப்பவன் இப்படிச் சொல்லுகிறானே என்ற வருத்தம் அதில் இருந்தது; கோபம் இல்லை. "இங்க வா. இந்தக் கையப் புடி. இழு. அப்படி இல்ல, தையல் தையலோட சேரணும்."

பையன் பிடித்தான். இரண்டு பேருமாகச் சட்டையின் கையை இழுத்து நேராக்கினார்கள். பெட்டி துண்டின்மேல் போய்த் திரும்பியது. பகவதி தகப்பனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனித்தாய் பார்த்தாள்: மகளுடைய தோள் மெல்ல இறங்குவதை, பையன் மூச்சை விடுவதை.

முடிந்தது. காசிலிங்கம் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. பேச்சிமுத்து வாங்கக் கையை நீட்டினான்.

"இப்பம் போடக்கூடாது" என்றார் காசிலிங்கம். நாற்காலி முதுகில் அதைத் தோள் கலையாமல் மாட்டினார். "சூட்டோட போட்டா மடிப்பு போயிரும். ஆறட்டும். உக்காரு."

"எம்புட்டு நேரம் ஆவும் அப்பா?" என்றாள் பகவதி.  "சாயங்காலம் வண்டி இருக்கு."

"டெரிலின்லா. மத்தியானம் ஆயிரும்" என்றார் அவர், பெட்டியைத் திறந்து கரியைக் கிளறிக்கொண்டே.

டெரிலின் சட்டை, கையை உதறி முடிப்பதற்குள் ஆறிவிடும் என்று சீனித்தாய்க்குத் தெரியும். அவள் உள்ளே போய் உலைக்கு அரிசி அளந்தாள்.